முப்பத்தொன்றாம் நம்பர் புங்கமரம்

சாலையோர மரங்களுக்கு நம்பர் போட்டுக் காவல் காக்கிற உத்தியோகத்தில் இருப்பவன் கண்ணுக்கு ஊரில் ஒரு மனிதர்கூட நல்லவராகத் தெரிய மாட்டார். வீட்டு வரி கேட்டுப் போனவர்கள், குழாயடியில் வரிசையை ஒழுங்குபடுத்தப் போனவர்கள், பள்ளிக்கூடத்தில் வருகைப் பட்டியல் எடுத்தவர்கள் எல்லோருக்கும் இந்த வியாதி இருக்கும். நீங்களும் அப்படி ஏதாவது ஒன்றில் மாட்டிக்கொண்டு அவதிப்பட்டிருந்தால் என் கஷ்டம் உங்களுக்குச் சொல்லாமலே புரியும்.

நான் வேலைக்குச் சேர்ந்தது சுதந்திரம் வந்து நாலைந்து வருஷம் கழித்து. செவ்வாய்ப்பேட்டையைத் தாண்டி ஆட்டையாம்பட்டி போகிற சாலையில் முதல் மூன்று மைல் என் பொறுப்பு. ஒரு சைக்கிள், ஒரு உளி, ஒரு சுத்தி, ஒரு டப்பா தார், கொஞ்சம் வெள்ளைப் பெயிண்ட். சாலையோர மரம் சர்க்கார் சொத்து, அனுமதியில்லாமல் கிளையை ஒடித்தாலும் குற்றம் என்று சட்டம் இருந்தது. அந்தச் சட்டத்துக்குக் கை கால் முளைத்தது போல நான் அலைந்துகொண்டிருந்தேன்.

முதல் நம்பர்

நம்பர் போடுவது என்றால் சும்மா எழுதிவிட்டுப் போவதல்ல. தரையிலிருந்து நாலரை அடி உயரத்தில், ஒரு சாணுக்குக் குறையாத அகலத்தில் மரத்தின் தோலை உளியால் செதுக்க வேண்டும். செதுக்கிய இடத்தில் தாரைப் பூச வேண்டும். தார் காய்ந்ததும் அதன்மேல் வெள்ளையில் நம்பர் எழுத வேண்டும். நாலரை அடி என்பது ஆபீஸ் உத்தரவு. அந்த உயரம் ஏன் என்று நான் கேட்டதில்லை, யாரும் சொன்னதும் இல்லை.

முதல் நாள் பத்துப் புளியமரங்களுக்கு நம்பர் போட்டுவிட்டு, நல்ல காரியம் செய்த திருப்தியோடு வீட்டுக்குப் போனேன். மறுநாள் காலையில் வந்து பார்த்தால் ஒன்றாம் நம்பர் மரத்தின்மேல் நாலு பேர் ஏறி உட்கார்ந்திருக்கிறார்கள். கீழே கிளைகள் மலைபோலக் கிடக்கின்றன. பெண்கள் சுமை கட்டிக்கொண்டிருக்கிறார்கள். எனக்குத் தூக்கி வாரிப் போட்டது. சைக்கிளைக் கீழே போட்டுவிட்டு, மரத்தைக் காப்பாற்றத்தானே நம்பர் போட்டேன் என்று கத்தினேன். மேலே இருந்தவர் அரிவாளை இடுப்பில் செருகிக்கொண்டு நிதானமாகக் கேட்டார்:

"நம்பரு போட்டா வெட்டறதுக்குத்தானுங்க போடுவீங்க? நீங்க வந்து வெட்டறதுக்குள்ள ஆளுக்கு ரெண்டு கெளை எடுத்துக்கலாம்னு பாத்தோமுங்க."

நாலு பக்கமும் தெரிய வேண்டும்

எங்கள் ஆபீஸில் ஓவர்சியர்கள் இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒருமுறை மாறுவார்கள். முதல் ஓவர்சியர், சேலத்திலிருந்து வருகிறவர்களுக்கு நம்பர் தெரிய வேண்டும் என்றார். போட்டேன். அடுத்தவர் ஆட்டையாம்பட்டிப் பக்கமிருந்து இன்ஸ்பெக்‌ஷன் வருகிற பழக்கம் உள்ளவர். ஜீப்பில் வருகிறபோது ஒரு நம்பர்கூடக் கண்ணில் படவில்லையே, என்ன வேலை பார்க்கிறாய் என்று ரோட்டில் நிற்க வைத்துத் திட்டினார். மறுபக்கமும் செதுக்கி, தார் பூசி, எழுதினேன். மூன்றாவது ஓவர்சியருக்கு நம்பர் நேராகச் சாலையைப் பார்த்து இருக்க வேண்டும். அதையும் செய்தேன்.

அதற்குள் சாலையின் கிழக்கே சோளக்காடு இருந்த இடத்தில் மனை பிரித்து, புது எக்ஸ்டென்ஷன் வந்துவிட்டது. நாலாவது ஓவர்சியர் அந்த வீடுகளைப் பார்த்ததும், திருடுகிறவன் இனிமேல் இந்தப் பக்கத்திலிருந்துதான் வருவான், இந்தப் பக்கமும் ஒன்று போடு என்றார். பழைய நம்பர்கள் மங்கலாக இருக்கின்றன, ஓரங்களையும் நன்றாகச் செதுக்கித் தாரை அகலமாகப் பூசு என்றார். எழுபது மரம், நாலு பக்கம். என் உள்ளங்கை காப்புக் காய்த்துவிட்டது. இவ்வளவு வேணுமா சார் என்று தயங்கிக் கேட்டதற்கு அவர் சொன்னார்:

"மரம் நம்மளுதுன்னு எந்தப் பக்கம் நின்னு பார்த்தாலும் தெரியணும், மேஸ்திரி."

துணைக்கு ஒரு ஆள்

முப்பத்தொன்றாம் நம்பர் ஒரு புங்கமரம். பெரும்பாலும் புளியமரமாக இருந்த வரிசையில், எப்போதோ புயலில் விழுந்த ஒரு புளிக்குப் பதிலாக யாரோ நட்டது. சுற்றளவு ஐந்தாறு சாண்தான் இருக்கும். ஆனால் நிழல் என்றால் அதுதான் நிழல். சாலையின் மேற்கே நெசவாளர்களின் பாவடி இருந்தது. விடியற்காலையில் பாவு நூலை நீளமாக விரித்து, கஞ்சி தடவி, இரண்டு பக்கமும் ஆட்கள் நடந்துகொண்டே பிரஷ்ஷால் நீவிவிடுவார்கள். வெயில் நேராகப் பட்டால் கஞ்சி சட்டென்று காய்ந்து இழை மொடமொடவென்று ஆகி அறுந்துபோகும். கிழக்கு வரிசை மரங்களின் நிழல் சாலையைத் தாண்டிப் பாவடியில் விழுகிற நேரம்வரைதான் அவர்களுக்கு வேலை நேரம். புங்கனின் நிழல் சரியாக நடுப்பாவில் விழும்.

ஒரு நாள் அந்தப் புங்கனடியில் மஞ்சள் துணி சுற்றிய ஒரு கல், குங்குமம், எலுமிச்சம்பழம் எல்லாம் இருந்தன. நான் ஞாயிறு தவறாமல் மாதா கோயிலுக்குப் போய்ப் பூசை பார்க்கிற வேதக்காரன். கல்லை எடுத்தால் கலவரம், எடுக்காவிட்டால் ஆக்கிரமிப்பு என்று ஓவர்சியர் எழுதுவார். இரண்டுக்கும் பயந்து, பாவடிக்குப் பெரிய ஆளான மாரப்பனிடம் போய், இது யார் வேலை என்று கேட்டேன். தான்தான் என்று அவர் ஒப்புக்கொண்டார். எதற்கு என்றேன். பிரஷ்ஷைக் கீழே வைக்காமலே சொன்னார்:

"கோவிச்சுக்காதீங்க மேஸ்திரி. உங்க சட்டத்துக்கு ஆரும் பயப்படற மாதிரி தெரியலீங்க. அதான் துணைக்கு ஒரு ஆளை வெச்சோமுங்க."

கல்யாணப் பந்தல்

நாற்பத்து நாலாம் நம்பர் ஒரு அரசமரம். ஒரு நாள் காலையில் போய்ப் பார்த்தால் கை பருமனில் ஒரு கிளை இல்லை. வெட்டின இடத்தில் பால் வடிந்துகொண்டிருந்தது. சாலைப் புழுதியில் இலை இழுபட்ட தடம் தெரிந்தது. துப்பறிகிறவன் மாதிரி அந்தத் தடத்தைப் பிடித்துக்கொண்டே போனேன். அது ஒரு கல்யாண வீட்டுப் பந்தலில் போய் முடிந்தது. மணவறைப் பக்கத்தில் அரசாணிக்காலாக என் கிளை மஞ்சள் பூசிக்கொண்டு நின்றது.

பெண்ணின் அப்பாவைக் கையும் களவுமாகப் பிடித்துவிட்டேன் என்று நோட்டுப் புத்தகத்தை எடுத்தேன். அரசாணிக்கால் இல்லாமல் தாலி கட்ட முடியுமா என்று அவர் கையைப் பிசைந்தார். அப்போதுதான் முன்வரிசையில் சந்தனம் பூசிய கழுத்தோடு எங்கள் ஓவர்சியர் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தேன். அவர் என் நோட்டுப் புத்தகத்தையும் என் முகத்தையும் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"முதல்ல பந்தியில உக்காருங்க மேஸ்திரி. மரம் எங்கேயும் எந்திரிச்சுப் போயிடாது."

வாத்தியார் மனு

புது எக்ஸ்டென்ஷனில் வீடு கட்டியவர்களில் அருளானந்தம் வாத்தியாரும் ஒருவர். எங்கள் கோயில் பங்கைச் சேர்ந்தவர். மிஷன் பள்ளிக்கூடத்தில் தமிழ் வாத்தியார். கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். அவர் வீட்டு வாசலுக்கு நேராக முப்பத்தொன்றாம் நம்பர் புங்கன் நின்றது. அதை வெட்ட அனுமதி வேண்டும் என்று மனு கொடுத்தார். போக்குவரத்துக்கு இடைஞ்சல் என்று காரணம் எழுதியிருந்தார். அந்த வாசலில் போக்குவரத்து என்றால் அவருடைய சைக்கிள் ஒன்றுதான்.

விசாரிக்கப் போனேன். காப்பி கொடுத்தார். கதவைச் சாத்திவிட்டு மெதுவாக விஷயத்தைச் சொன்னார். வாசலுக்கு நேரே மரம் இருந்தால் வாசல்குத்து, குடும்பத்துக்கு ஆகாது என்று கட்டட மேஸ்திரி சொல்லிவிட்டாராம். நாற்பது வருஷம் ஞானோபதேசம் படித்த மனிதரின் வாயிலிருந்து இது வந்ததும் காப்பி டம்ளரைக் கீழே வைத்துவிட்டேன். மரத்தின் நிழலை நம்பிப் பத்துப் பன்னிரண்டு குடும்பம் பாவு நீவுகிறது, கொடுக்க முடியாது என்று எழுதிவிட்டேன். மனு தள்ளுபடியானது. அடுத்த ஞாயிறு கோயில் வாசலில் என்னை ஒதுக்குப்புறமாகக் கூப்பிட்டார். சண்டைக்கு வருகிறார் என்று நினைத்தேன். அவர் கேட்டது இதுதான்:

"மரம் நின்னா நிக்கட்டும், சவரிமுத்து. வாசல்குத்து விஷயம் மட்டும் பங்குச் சாமியார் காதுல விழுந்துடாம பார்த்துக்குங்க."

தளிர் வராத மாசி

தை மாதத்தில் புங்கன் இலையைக் கொட்டும். மாசியில் ஒரு வாரத்துக்குள் மரம் முழுக்கப் பளபளவென்று தளிர் வந்துவிடும். அந்த வருஷம் ஊரில் இருந்த புங்கன் எல்லாம் தளிர்த்தன. முப்பத்தொன்றாம் நம்பர் மட்டும் குச்சி குச்சியாக நின்றது. நகத்தால் ஒரு கிளையைக் கீறிப் பார்த்தேன். உள்ளே பச்சையே இல்லை. பாவடியில் நடுப்பாவில் வெயில் விழ ஆரம்பித்து, இழை அறுந்து அறுந்து முடிச்சுப் போடுவதே வேலையாக இருந்தது. நீங்க இருக்கறீங்கன்னுதான நம்பியிருந்தோம் என்று மாரப்பன் சொன்னார்.

யார் செய்தது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. மரத்தில் துளை போட்டுப் பெருங்காயம் வைக்கிற வித்தை எல்லாம் எனக்குத் தெரியும். துளையைத் தேடினேன், கிடைக்கவில்லை. ஆனால் சுவர் வேலைக்காக வாத்தியார் சுண்ணாம்பு நீற்றிய குழி வேலி ஓரத்தில் இருந்தது. சுண்ணாம்புத் தண்ணீர் வேரில் இறங்கினால் மரம் பட்டுப்போகும், அது போதும். மனு கொடுத்தார், மறுத்தோம், மரம் செத்தது, பக்கத்தில் சுண்ணாம்புக் குழி. ரிப்போர்ட்டை ஒரே மூச்சில் எழுதினேன். கோர்ட்டிலிருந்து வாத்தியாருக்குச் சம்மன் போயிற்று. தண்டனை என்று ஆனால் பள்ளிக்கூடத்தில் வைத்துக்கொள்ள முடியாது என்று நிர்வாகத்தில் சொல்லிவிட்டார்கள் எனக் கேள்விப்பட்டேன். மூன்று பெண் குழந்தைகள் அவருக்கு. மரத்தைக் கொன்றவருக்கு அது தெரிந்திருக்க வேண்டும் என்று என் மனதைக் கல்லாக்கிக்கொண்டேன். வாத்தியார் சம்சாரம் ஒருநாள் சாலையில் என் சைக்கிளை நிறுத்தினார். அழவில்லை, திட்டவில்லை. சொன்னது ஒன்றுதான்:

"அண்ணே, அவர் கருவேப்பிலை பறிக்கக்கூட என்னைத்தான் அனுப்புவார். வாசல்குத்துன்னு பயந்த மனுசன்தான். மரத்துல கை வைக்கிற துணிச்சல் அவருக்கு ஏது?"

ஒரு பாகம் நூல்

விசாரணைக்கு முந்தின நாள் மரத்தின் சுற்றளவை அளந்து எழுதிக்கொண்டு வரச் சொன்னார்கள். அக்னி நட்சத்திர வெயில். மத்தியானம் போய்ச் சேர்ந்தேன். அளவு நாடாவை ஆபீஸிலேயே மறந்துவிட்டேன். பாவடியிலிருந்து மாரப்பன் ஒரு பாகம் நீளத்துக்கு, இரண்டு கையையும் விரித்த அளவுக்கு, வெள்ளை நூலை முறுக்கி எடுத்துக்கொண்டு வந்தார். நாலரை அடி உயரத்தில் மரத்தைச் சுற்றி இழுத்துக் கட்டி, முனை சேர்ந்த இடத்தில் ஒரு முடிச்சுப் போட்டார். பிறகு நூலை அவிழ்த்து வெயிலில் நீட்டிப் பிடித்தார்.

வெயிலில் இளகியிருந்த தார் நூலில் ஒட்டியிருந்தது. நூல் இந்த முனையிலிருந்து அந்த முடிச்சுவரை கறுப்பு. நடுவில் கொஞ்சமாவது வெள்ளை இருக்கும் என்று பார்த்தேன். இல்லை. நான் மரத்தைச் சுற்றி வந்தேன். சேலம் பக்கம் 31. ஆட்டையாம்பட்டிப் பக்கம் 31. சாலைப் பக்கம் 31. எக்ஸ்டென்ஷன் பக்கம் 31. ஒவ்வொரு நம்பரையும் செதுக்கிச் செதுக்கி, ஓரத்தை அகலப்படுத்தி, ஒன்றோடு ஒன்று முட்டி, மரத்தின் இடுப்பில் தோலே இல்லாமல் செய்திருந்தேன். புளியமரங்களுக்குத் தோல் தடிமன், சுற்றளவும் இரட்டிப்பு, அதனால் பிழைத்துக்கொண்டன. இந்தப் புங்கன் தாங்கவில்லை. சுண்ணாம்புக் குழிக்கு அடுத்தாற்போல நின்ற முப்பதாம் நம்பர் புளி ஜம்மென்று இருந்தது. அதைக்கூட நான் அதுவரை திரும்பிப் பார்க்கவில்லை.

செத்துப்போன அந்த மரத்தின்மேலேயே சாய்ந்துகொண்டேன். மாரப்பன் எதையும் சாடையாகப் பேசுகிறவர் அல்ல. நூலைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, உண்மையாகவே புரியாமல் கேட்டார்:

"ஏனுங்க மேஸ்திரி, ஒரு வெரக்கடை அகலங்கூட வெள்ளை இல்லீங்களே. மரம் எது வழியாத்தானுங்க தண்ணி குடிக்கும்?"

கூண்டு

அந்த நூலை அடுப்பில் போட்டிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. போடலாமா என்று நினைத்தேன் என்பதை உங்களிடம் மறைக்க விரும்பவில்லை. எனக்கும் பெண்டாட்டி பிள்ளை உண்டு. மறுநாள் நூலைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டுதான் கோர்ட்டுக்குப் போனேன். வாத்தியார் அலசி மடித்த கதர்ச் சட்டையோடு கூண்டில் நின்றார். பாடம் எடுக்கிற குரலே இல்லை. பெயரைக் கேட்டதற்கு இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது.

என் முறை வந்ததும் நூலை எடுத்து மேஜைமேல் வைத்தேன். இது என்ன என்று மாஜிஸ்ட்ரேட் கேட்டார். சொன்னேன். தோலை உரித்தது யார் என்றார். நான்தான் என்றேன். எதற்காக என்றார். மரத்தைக் காப்பாற்றுவதற்காக என்றேன். கோர்ட்டில் யாரோ சிரித்தார்கள். மாஜிஸ்ட்ரேட் சிரிக்கவில்லை. நூலை ஒரு பென்சிலால் தூக்கிப் பார்த்துக்கொண்டே இருந்தார். கேஸ் தள்ளுபடியானது. வாத்தியார் கூண்டிலிருந்து இறங்கும்போது கைப்பிடியைத் தேடித் தடவினார். அதைப் பார்த்தபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. அழுதேன். வெளியே வேப்பமரத்தடியில் ஓவர்சியர் காத்திருந்தார். ஏதாவது ஆறுதல் சொல்வார் என்று பக்கத்தில் போனேன். அவர் சொன்னார்:

"அந்த நூலை மட்டும் காட்டாம இருந்திருந்தா ஆபீஸ் மானம் பிழைச்சிருக்கும், மேஸ்திரி."

கன்று

ஒரு மெமோ வந்தது. பிறகு நாமகிரிப்பேட்டைப் பக்கம் மாற்றல் வந்தது. அதற்குள் ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. புதிதாக வருகிறவருக்கு மரங்களைக் காட்டிக் கொடுப்பதற்காகக் கடைசியாக ஒரு தடவை அந்தச் சாலையில் போனேன். பட்டுப்போன புங்கனை வெட்டி எடுத்துப் போயிருந்தார்கள். வாத்தியார் வீட்டு வாசலுக்கு நேரே, அதே குழியில், முழங்கால் உயரத்துக்கு ஒரு புங்கங்கன்று நின்றது. சுற்றிலும் முள் வைத்துக் கட்டியிருந்தது. கட்டியிருந்தது பாவடி நூல். வாத்தியார் குடையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றிருந்தார். எதிரே மாரப்பன் மண்ணை மிதித்துக்கொண்டிருந்தார்.

வாசல்குத்து ஆயிற்றே வாத்தியாரே என்றேன். அவர் கன்றைச் சுற்றியிருந்த முள்ளை ஒரு தரம் சரி செய்தார். நான் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தபோது, என் சைக்கிளில் தொங்கிய பையையும் அதிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த உளியின் பிடியையும் பார்த்தார். குடையோடு நகர்ந்து வந்து கன்றுக்கும் எனக்கும் நடுவில் நின்றுகொண்டார். ரொம்ப மரியாதையாகச் சொன்னார்:

"சவரிமுத்து, நீங்க நல்லவர். எனக்கு ஒரே ஒரு உபகாரம் பண்ணுங்க. இதுக்கு நம்பர் போடணும்னு ஆபீஸ்ல யாருக்கும் சொல்லிடாதீங்க."

மரத்துக்கு எதிரி யார் என்று பத்துப் பன்னிரண்டு வருஷம் ஊரெல்லாம் சந்தேகப்பட்டுத் திரிந்த நான், அத்தனை நாளும் உளியைக் கையில் பிடித்துக்கொண்டுதான் தேடியிருக்கிறேன்.